பத்திரிகைத் தொழிலாளிக்குச் சங்கம் எதற்கு என்று கேட்டவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு ஞாயிறுகளுக்கு முன் உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த ஒரு கடிதத்துக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். மட்டக்களப்பில் பத்திரிகைக்காரருக்கு ஏற்கெனவே ஊடக மையம் இருக்கிறது, ஒன்றியங்கள் இருக்கின்றன, பிறகு எதற்குத் தொழிற்சங்கக் கிளை என்று ஒன்றைப் புதிதாகக் கிளப்பி, முதலாளிமாரோடு முட்டிக்கொண்டு, இருக்கிற நாலு வேலையையும் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. பத்திரிகைகள் படுகிற பாட்டைப் பார்த்துக் கவலையில்தான் எழுதியிருக்கிறார் என்பது வாசிக்கும்போதே தெரிந்தது. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் அவர் சொல்கிற அந்தக் கிளைக்குச் செயலாளர் நான்தான்.

நான் பதினெட்டு வயதில் அச்சகத்துக்கு ஈய எழுத்துக் கோர்க்கப் போனவன். ஓப்செட் வந்தது, அதற்குப் பழகினேன். கணினி வந்தது, அதையும் பழகினேன். இப்போது பக்கம் செய்கிறேன். எங்கே வேலை செய்கிறேன் என்று இங்கே எழுதவில்லை. பயத்தில் அல்ல, கீழே சொல்லப்போகிறவை ஒரே இடத்தில் நடந்தவை அல்ல என்பதால். ஒரு பெயரைப் போட்டால் மற்ற இடங்களில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடும்.

ஊடக மையமும் ஒன்றியங்களும் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு நிருபரை விசாரணைக்குக் கூப்பிட்டால் அடுத்த நாள் காந்தி பூங்காவில் பதாகையோடு நிற்பது அவர்கள்தான், நாங்களும் போய்ப் பக்கத்தில் நிற்கிறோம். ஆனால் அந்த அமைப்புகள் செய்தி எழுதுகிறவருக்கும் படம் எடுக்கிறவருக்கும் உரியவை. பக்கம் செய்கிறவர், ஒப்புநோக்குகிறவர், மெஷின் ஓட்டுகிறவர், விடிய நாலரைக்கு நகரில் வாகனத்திலிருந்து கட்டு இறக்கிப் பிரிக்கிறவர், அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போடுகிறவர், இவர்கள் எங்கே போய்ச் சொல்வது? கொழும்பில் இரவு அச்சடித்த பத்திரிகை ஹபரணை, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வாழைச்சேனை என்று முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி வந்து, கல்லடிப் பாலம் தாண்டி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. காலைத் தேநீரோடு கையில் எடுக்கிற வாசகருக்கு அந்த இரவு முழுவதும் எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்று தெரிய நியாயமில்லை. அதனால்தான் எங்கள் கிளையில் எழுதுகிறவரும் சுமக்கிறவரும் ஒன்றாக இருக்கிறோம். மொத்தம் முப்பத்தொரு பேர்.

இது தொடங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததன் பிறகு, காத்தான்குடிக்குப் பத்திரிகை எடுத்துப்போகிற முஸ்லிம் நானா ஒருவர் பல நாட்கள் நகருக்குள் வரவில்லை. வரப் பயம். அவர் வராவிட்டால் கட்டு அப்படியே கிடக்கும், விற்காத பத்திரிகைக்குக் கணக்கு அவர் தலையில் விழும். கல்லடியில் போடுகிற எங்கள் தம்பி ஒருவர் யாரும் கேட்காமலேயே அந்தக் கட்டையும் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி, காத்தான்குடி எல்லையில் கொண்டுபோய் அவரிடம் கொடுத்து, அன்றன்றைய காசை வாங்கிவந்து முகவரிடம் கட்டினார். அப்போது நகரில் இருந்த நிலைமை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். அந்த நானாதான் இன்றைக்கு எங்கள் பொருளாளர். கூட்டத்தைப் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் வைக்கிறோம், போயா வெள்ளிக்கிழமை வந்தால் ஜும்மாவுக்குப் பிறகு வைக்கிறோம். இதை யாரும் தீர்மானம் போட்டு எழுதவில்லை, அப்படியே பழகிவிட்டது.

சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு தொழிற்சங்கத்தைப் பதியலாம், 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் தனியாகப் பதியாமல் கொழும்பில் இருக்கிற ஒரு சங்கத்தின் கிளையாகச் சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் சம்பளத்தைத் தீர்மானிக்கிறவர்களில் பாதிப்பேர் கொழும்பில் இருக்கிறார்கள். இங்கே இருந்து போடுகிற கடிதத்துக்கு அங்கே பதில் வருவதில்லை, அங்கேயே போய் மேசைக்கு முன்னால் உட்கார ஆள் வேண்டும்.

இனி விடயத்துக்கு வருகிறேன்.

ஒரு அச்சகத்தில், வாரப் பத்திரிகையும் கல்யாணக் கார்டும் நோட்டீசும் ஒன்றாக அடிக்கிற இடம், இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கட்டரில் கடதாசி வெட்டிக்கொண்டிருந்தபோது இடது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. கட்டரின் முன்னால் கையை உள்ளே விடாமல் தடுக்க ஒரு காவல் கம்பி இருக்க வேண்டும். அதைக் கழற்றி மூலையில் வைத்திருந்தார்கள், கம்பி இருந்தால் வேலை சுணங்கும் என்று. அவர் அன்று காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவர். பதினைந்து மணித்தியாலம் நின்ற கால், பதினைந்து மணித்தியாலம் விழித்த கண். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய தாய் என்னிடம் கேட்டது, "இனி இவன் என்ன வேலை செய்வான் மகன்?" என்றுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இப்போதும் அந்தக் கேள்வி காதில் கிடக்கிறது.

மருந்துச் செலவைக் கொடுத்தார்கள், அதை மறைக்கக்கூடாது. இரண்டு கிழமைச் சம்பளமும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, அவர் நாட்கூலிக்காரர், நிரந்தர ஊழியர் இல்லை, நியமனக் கடிதம் இல்லை, ஆகவே எங்களுக்கு வேறு பொறுப்பு இல்லை என்றார்கள். இந்த இடத்தில்தான் சங்கம் எதற்கு என்று கேட்ட வாசகர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தற்காலிகமாக வேலை செய்தவராக இருந்தாலும் முதலாளியின் தொழிலுக்காகவே வேலை செய்தவர் என்றால் அவருக்கும் நட்டஈடு உண்டு. அச்சகத்தில் கடதாசி வெட்டுவது முதலாளியின் தொழில் இல்லாமல் வேறு என்ன? அச்சகமும் சட்டத்தின் கண்ணில் ஒரு தொழிற்சாலைதான், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அதற்கும் பொருந்தும், இயந்திரத்தின் ஆபத்தான பகுதிக்குக் காவல் போடுவது முதலாளியின் கடமை. இதெல்லாம் அந்தத் தம்பிக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் முப்பது வருடமாக அச்சகத்தில் நிற்கிற எனக்கும் அதுவரை தெரியாது. கிளையில் இரண்டு பேர் தொழில் திணைக்களத்துக்கு நடந்து நடந்து படிவம் எடுத்து, வைத்தியச் சான்று எடுத்து, நிரப்பி அனுப்பினோம். விசாரணை இன்னும் முடியவில்லை. கட்டரில் இப்போது கம்பி பூட்டியிருக்கிறது.

அந்தக் கம்பிக்கு நாங்கள் கடிதம் எழுதியது இரண்டு தரம். முதல் கடிதம் விபத்துக்கு நாலு மாதம் முன்னால் எழுதியது. அதன் பிரதி என்னிடம் இருக்கிறது.

நியமனக் கடிதம் என்கிற அந்தச் சொல்லை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாம் அதில்தான் வந்து முட்டுகிறது. பிரதேச நிருபர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வாசகர், நிருபர்கள் பெரும்பாலும் ஆசிரியராகவோ வேறு உத்தியோகமோ பார்த்துக்கொண்டு பகுதி நேரமாக எழுதுகிறவர்கள், அவர்களுக்கு எதற்குத் தொழிலாளர் உரிமை என்று எழுதியிருந்தார். பலர் அப்படித்தான் இருக்கிறார்கள், உண்மை. ஆனால் ஏன் அப்படி? எழுத்தில் அடுப்பு எரியாது என்பதால்தான். எங்கள் கிளையில் வாகரைப் பக்கத்து நிருபர் ஒருவர் ஒரு மாதம் ஒழுங்காகக் கணக்கு எழுதினார். அந்த மாதம் அவருடைய செய்தி நாற்பத்தொன்று வெளிவந்தது. கிடைத்த காசு இரண்டு கிழமைப் பெற்றோலுக்குப் போதவில்லை. அனுப்பிய செய்தி நாற்பத்தொன்றைவிட எவ்வளவோ கூட. விளம்பரம் வந்து இடம் போனால் செய்தி போடப்படாது, போடாத செய்திக்குக் காசும் இல்லை, ஆனால் அதற்காக ஓடிய மோட்டார் சைக்கிள் ஓடியதுதான். அப்புறம் இப்போது புதிதாக ஒன்று: அதே செய்தியை இணையத்தளத்துக்கும் போடுகிறார்கள், அதற்கு வீடியோ கேட்கிறார்கள், நேரலை கேட்கிறார்கள், டேட்டா அவருடையது, தொலைபேசி அவருடையது, அதற்கென்று ஒரு ரூபா கிடையாது.

கேட்டால், நீங்கள் சுயாதீன செய்தியாளர், எங்கள் ஊழியர் இல்லை என்கிறார்கள். சரி, சுயாதீனம் என்றால் வேறு பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்டால், கூடாது என்கிறார்கள். அடையாள அட்டை தருகிறார்கள், காலையில் அழைத்து இன்று இன்ன இடத்துக்குப் போ என்கிறார்கள், போகாவிட்டால் ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். இது வேலை கொடுக்கிறவர் வேலை செய்கிறவரிடம் பேசுகிற பேச்சு. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி யார் என்று சொல்லியிருப்பதைக் கொழும்புச் சங்கத்துச் சட்டத்தரணி எங்களுக்கு ஒரு போயா முழுவதும் இருந்து விளக்கினார். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை, வாயால் பேசியதும் ஒப்பந்தம்தான், ஒரு வேலையைத் தானே செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரும் தொழிலாளிதான். தொழிலாளியும் முதலாளியும் மாதாமாதம் கட்டிச் சேர்க்கிற ஊழியர் சேமலாப நிதியும் மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் உரியது அல்ல, செய்கிற வேலை அளவுக்குக் கூலி வாங்குகிறவருக்கும் அது உண்டு. ஆகவே நியமனக் கடிதம் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. ஆனால் கடிதம் இல்லாவிட்டால் ஒவ்வொரு உரிமையையும் தனித்தனியாகச் சண்டைபிடித்து நிரூபிக்க வேண்டும், அதற்குத்தான் யாருக்கும் தெம்பு இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1999இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரு வேலைத்தளத்தில் 40 வீதமானவர்கள் உறுப்பினராக இருந்தால் அந்தச் சங்கத்தோடு பேச முடியாது என்று முதலாளி மறுக்க ஏலாது. ஆனால் 40 வீதம் எதிலிருந்து? நிருபரை ஊழியர் இல்லை என்று கழித்து, நாட்கூலியை ஊழியர் இல்லை என்று கழித்து, விநியோகத்தை முகவர் தலையில் போட்டுக் கழித்தால், மிச்சம் இருப்பது முகாமையாளரும் அவருக்கு வேண்டிய நாலு பேரும்தான். அவர்களில் 40 வீதத்தை நாங்கள் எங்கே தேடுவது?

சேமலாப நிதி விடயத்தில் ஒன்று நடந்தது, அதையும் சொல்கிறேன். ஒப்புநோக்குகிற அக்கா ஒருவர், பதினொரு வருட வேலை. மாதாமாதம் சம்பளத்தில் 8 வீதம் கழித்தார்கள், சம்பளச் சிட்டையில் அது அச்சடித்தும் வரும். வீட்டுக் கூரை போடக் கடன் எடுக்கப் போனவர் மீதியைப் பார்த்தால், நாலு வருடத்துக்கு மேல் ஒரு சதமும் போய்ச் சேரவில்லை. முதலாளி சேர்க்க வேண்டிய 12 வீதம் போகட்டும், அவருடைய சொந்தக் காசையே கட்டவில்லை. அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம், பிந்தினால் மேலதிகக் கட்டணம் ஏறும், ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் அது 50 வீதம். இதெல்லாம் அவர் ஒருவராகப் போய்க் கேட்டிருந்தால் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள். நாங்கள் ஒன்பது பேரின் கையெழுத்தோடு தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தோம். இப்போது தவணை தவணையாகக் கட்டுகிறார்கள். 2026 ஜனவரியிலிருந்து நாட்டில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கே மாதம் 2,400 தொழிலாளியுடையதும் 3,600 முதலாளியுடையதுமாக 6,000 ரூபா சேமலாப நிதிக்குப் போக வேண்டும், அதோடு முதலாளி மட்டும் கட்டுகிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. பத்து வருடத்துக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள், ஒரு கூரை அல்ல, ஒரு வீடே அதில் இருக்கிறது.

இதை வாசிக்கிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். பத்திரிகையில்தான் வேலை என்றில்லை, கடையில் என்றாலும் ஆடைத் தொழிற்சாலையில் என்றாலும், இந்தக் கிழமையே உங்கள் மீதியைப் பாருங்கள். சிட்டையை நம்பி இருக்க வேண்டாம்.

முதலாளிமார் பக்கத்தையும் நாங்கள் பார்க்காமல் இல்லை. 2022இல் டொலர் இல்லாமல் கடதாசி வராமல், கொழும்பில் பெரிய பத்திரிகைகளே சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்திய காலத்தில், எங்கள் ஆட்கள் பக்கக் குறைப்புக்கும் சம்பளம் பிந்துவதற்கும் சம்மதித்தார்கள். ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை. கடதாசி விலை, பிளேட் விலை, மை விலை எல்லாம் எனக்கு மனப்பாடம், நான்தான் அந்த அறையில் இருக்கிறேன். ஆனால் கடதாசி வந்த பிறகும் சம்பளம் பிந்தித்தான் வருகிறது. கஷ்டகாலத்தில் ஒப்புக்கொண்டதை வழக்கமாக்கிவிட்டார்கள் என்பதுதான் எங்கள் முறைப்பாடு.

2004 மே 31ஆம் திகதி இந்த நகரத்தில் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டார். வீரகேசரியின் நிருபர், எங்கள் பக்கத்து மக்களின் கதையை நாட்டுக்குச் சொன்னவர். அடுத்த வருடம் ஏப்ரலில் நம் மண்ணின் பிள்ளை, பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். இவர்களை ஆண்டுதோறும் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும், எங்கள் கிளையும் மெழுகுதிரியோடு போகிறது. ஆனால் 2006 மே 2ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டபோது இறந்த இரண்டு பேரும் செய்தி எழுதியவர்கள் அல்ல. விற்பனை, விநியோகப் பக்கத்தில் வேலை செய்தவர்கள். துப்பாக்கி வந்தபோது எழுதுகிறவர், விற்கிறவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. சம்பளத்துக்கும் சேமலாபத்துக்கும் மட்டும் ஏன் பிரிக்க வேண்டும்? அந்த நாட்களில் ஊரடங்குக்குள்ளும் பத்திரிகைக் கட்டைச் சுமந்து சோதனைச் சாவடி சோதனைச் சாவடியாக இறங்கி ஏறிய மனிதர்கள் எங்கள் கிளையில் இப்போதும் இருக்கிறார்கள். ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது. பணிக்கொடை என்றால் என்னவென்று என்னிடம்தான் கேட்டார்.

கிளை வேறு என்ன செய்கிறது என்றும் வாசகர் கேட்டிருந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் நூறு ரூபா சந்தா. மாரிக்கு முன்னால் பத்திரிகை போடுகிறவர்களுக்கு மழை அங்கியும் கட்டை மூடப் பொலித்தீன் விரிப்பும் வாங்கிக் கொடுத்தோம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து பாதைகள் வெள்ளத்தில் மூடிப் பத்திரிகை வராமல் இருந்த நாட்களில் போடுகிறவருக்குக் கூலி இல்லை, போட்டால்தானே கூலி, அந்தக் குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி கொடுத்தோம். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு வேலை முடிகிற பெண்களை வீட்டில் கொண்டுபோய் விட வாகனம் வேண்டும் என்று மூன்று இடத்தில் கேட்டோம், ஒரு இடத்தில் முச்சக்கரவண்டிக் காசு கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மற்ற இரண்டு இடத்திலும் பொம்பிளைப் பிள்ளைகளை இரவு வேலைக்கு எடுக்காமல் விட்டால் பிரச்சினை முடிந்தது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை, திரும்ப எழுதியிருக்கிறோம்.

அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, சாய்ந்தமருது, திருக்கோவில் பக்கம் இருந்தும் நிருபர்களும் முகவர்களும் அழைத்துக் கேட்கிறார்கள். வரலாம். அடுத்த போயா காலை பத்து மணிக்குக் கூடுகிறோம், இடம் உங்கள் முகவரிடம் கேட்டால் சொல்வார். சம்பளச் சிட்டை இருந்தால் கொண்டுவாருங்கள். சிட்டை இல்லாதவர்கள் வங்கிப் புத்தகத்தையும், வெளிவந்த உங்கள் செய்திகளை வெட்டி ஒட்டிய கொப்பியையும், காலையில் இன்ன இடத்துக்குப் போ என்று வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் கொண்டுவாருங்கள். அவற்றை அழிக்க வேண்டாம், விசாரணை என்று வந்தால் அவைதான் கைகொடுக்கும்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது. பக்கம் செய்கிறவன் என்பதால் இது எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும், வாசகர் கடிதம் நீண்டால் அடியிலிருந்து வெட்டுவது வழக்கம் என்பதும் தெரியும். வெட்ட வேண்டி வந்தால் மழை அங்கி, உணவுப் பொதி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டர் தம்பியின் விடயத்தை மட்டும் முழுதாகப் போடுங்கள். நாலு மாதம் முந்திய கடிதத்தின் பிரதி வேண்டுமென்றால் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
கிளைச் செயலாளர்,
மட்டக்களப்பு.